பதினான்காம் தகவலாளியின் சேவல்

பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வுபெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து, நிறுத்தத் தெரியாது. பிழைதிருத்தக் குறிகள், அடிக்குறிப்பு விதிகள், துணைநூற்பட்டியலை அடுக்கும் முறை எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாகக் கிடக்கின்றன. நீங்கள் அதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் படித்ததில்லை. ஆகவே முப்பத்தோரு வருடத்தில் நான் செய்த தவறுகளில் பெரியதைச் சொல்கிறேன். அதில் ஒரு பேராசிரியரும் ஒரு கம்பெனி பஸ்ஸும் ஒரு சேவலும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். சேவலுக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

நம்முடைய வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாறு, சமூகம் என்று ஒருவர் பத்து வருடம் அலைந்து கண்டுபிடித்ததை, அவர் யாரைப் பற்றிக் கண்டுபிடித்தாரோ அவர்களும் படிக்கிற மாதிரி புத்தகமாக்குவது. கேட்க எளிது. ஆனால் பேராசிரியர்கள் இன்னொரு பேராசிரியர் குறை சொல்லக்கூடாதே என்ற பயத்தில்தான் எழுதிப் பழகியவர்கள். அந்தப் பயம் ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு மாடி எழும்பி நிற்கும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த மூத்த ஆசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியை மேஜையிலேயே விட்டுவிட்டு, எழுத்தாளரை எதிர்க் கடைக்கு அழைத்துப்போய் சூடாக ஒரு போண்டா வாங்கிக் கொடுப்பார். "இப்ப சொல்லுங்க, என்ன கண்டுபிடிச்சீங்க?" என்பார். வாயில் சூடான போண்டா இருக்கும்போது யாராலும் 'கருத்தியல் கட்டமைப்பு' என்று சொல்ல முடியாது என்பது அவருடைய கணக்கு. எழுத்தாளர் வாயைக் குவித்து ஊதிக்கொண்டே நாலு வரியில் சொல்லிவிடுவார். மூத்தவர் அந்த நாலு வரியை பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து, இதுதான் புத்தகம், உள்ளே இருப்பது வெறும் காகிதம் என்பார்.

அவர் சொன்ன இன்னொன்று: அச்சுக்குப் போகும் முன் எதையும் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டு, ஆனால் உன்னிடம் மரியாதை காட்ட வேண்டிய அவசியமில்லாத ஆளிடம் படித்துக் காட்டு. என்னிடம் மரியாதை காட்டாதவர்கள் என் வீட்டிலேயே நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் நம் பேராசிரியர் வந்து சேர்ந்தார். தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒன்பது வருடம் ஆராய்ச்சி செய்திருந்தார். நல்ல மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றும் எழுதாது. அவருடைய பிரதியின் ஏழாம் அத்தியாயம் இப்படித் தொடங்கியது: 'உற்பத்தி வெளியின் கால ஒழுங்கானது உடல்சார் தேவைகளின் மீது நிகழ்த்தும் நுண் ஒடுக்குதலுக்கெதிராகத் தகவலாளி 14 மேற்கொள்ளும் எதிர்ப்பானது கூட்டுத்தன்மை கொண்டதாக அமைகிறது.'

கல்லூரிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் போண்டா வாங்கிக் கொடுத்தேன். ஊதி ஊதிச் சொன்னார். "லைன்ல நிக்கிற பொண்ணுங்கள நெனச்ச நேரத்துக்கு பாத்ரூம் போக விடமாட்டாங்க மேடம். அதுக்கு ஒரு அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க."

அந்த வழியைக் கேட்டதும் என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. பாகங்கள் நகர்ந்துவரும் லைனில், ஒவ்வொருவர் நின்று வேலை செய்யும் ஸ்டேஷனுக்கும் மேலே ஒரு கயிறு தொங்கும். பாகத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் அதை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், அந்த ஸ்டேஷனுக்கென்று உள்ள ஒரு மெட்டு ஸ்பீக்கரில் கேட்கும், லைன் நிற்கும், லைன் லீடர் ஓடிவந்து பார்ப்பார். இந்த அம்மாவின் ஸ்டேஷன் ஒரு கோடி. பாத்ரூம் எதிர்க் கோடி. யாருக்காவது அவசரம் என்றால், கர்ப்பமாக இருக்கிற பெண் யாராவது தலையைச் சொறிந்து சைகை காட்டினால், இவர் கயிற்றை இழுத்துவிடுவார். குல்பி ஐஸ் வண்டி வருகிற மாதிரி ஒரு மெட்டு பாடும். லீடர் இந்தக் கோடிக்கு ஓடிவருவார், அந்தப் பெண் அந்தக் கோடிக்கு ஓடுவாள். நான்கு நிமிடம். இரண்டு வருடமாக இப்படி நடந்திருக்கிறது. தனக்காக அவர் ஒருமுறைகூட இழுத்ததில்லை.

தகவலாளி 14, அதாவது ஆராய்ச்சிக்கு விவரம் சொன்ன பதினான்காவது ஆளான இந்த அம்மா, யார் என்று கேட்டேன். பேராசிரியர் போண்டாவை விழுங்கிவிட்டு, அதைச் சொல்ல முடியாது, பெயர் வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். எந்த ஊர் என்பதையும் சொல்லவில்லை. புத்தகத்தில் ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு செல்வி என்று நாங்கள் இருவரும் சேர்ந்து பெயர் வைத்தோம். சரி, ஆளைக் காட்ட வேண்டாம், ஆனால் ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அவர் வீடு எப்படி இருக்கும், கையில் என்ன இருக்கும், அதையெல்லாம் எழுதுங்கள் என்று நச்சரித்தேன். பிரதியின் ஓரத்தில் 'இன்னும்?' 'இன்னும்?' என்று சிவப்பு மையில் எழுதி எழுதித் திருப்பி அனுப்பினேன். இந்த 'இன்னும்?'களை மறந்துவிடாதீர்கள்.

படித்துக்காட்ட ஆள் கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். குன்றத்தூரில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருந்தவர், ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். நான் மாடியில் தனியாகச் சத்தம் போட்டுப் படிப்பதைப் பார்த்துப் பயந்துபோய் என்னவென்று விசாரித்தார். சொன்னேன்.

"இன்னாக்கா நீ, என் வண்டில முப்பத்தஞ்சு பேரு சும்மாத்தான் குந்திகினு வர்றாங்க. வந்து படி. கேட்டா கேக்கட்டும், தூங்கனா தூங்கட்டும்" என்றார்.

இப்படித்தான் வாரத்தில் இரண்டு நாள் ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, சோமங்கலம், படப்பை வழியாக ஒரகடம் கூட்டுரோடு வரை போய், டவுன் பஸ் பிடித்துத் திரும்புகிறவள் ஆனேன். பஸ்ஸில் எனக்கு 'புக்கு ஆண்ட்டி' என்று பெயர் வந்தது. எனக்கு பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும். அதனால் கவிதா என்ற பெண் வாங்கிப் படிப்பாள், மேடை நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவள். நான் ஒரு தாளில், எந்த இடத்தில் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று குறித்துக்கொள்வேன். முதல் அத்தியாயத்துக்குக் குன்றத்தூர் மலையடிவாரம் தாண்டுவதற்குள் பஸ்ஸே தூங்கிவிட்டது, டிரைவர் மட்டும் கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து வைத்துக்கொண்டு, போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பேராசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான மதிப்பீடு கிடைத்ததில்லை என்றார், முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. திருத்தி எழுதினார். இரண்டாவது முறை சோமங்கலம் வரை விழித்திருந்தார்கள். நான்காம் அத்தியாயத்துக்குப் படப்பை.

ஏழாம் அத்தியாயம் தாமதமாக வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்து, சிறப்பு விருந்தினருக்கும் சொல்லியாகிவிட்டது. அதனால் பஸ்ஸில் படிக்காமலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய மறுநாள் காலையில்தான் அந்த அத்தியாயத்தின் பிரதியைப் பஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். திருத்துவதற்காக இல்லை, கைதட்டல் வாங்குவதற்காக. அது அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

கவிதா படிக்க ஆரம்பித்தாள். ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. கயிற்றை இழுக்கிற இடத்திலும், முறுக்கு மீசை வைத்த லீடர் ஓடிவருகிற இடத்திலும் சிரித்தார்கள். ஐஸ் வண்டி மெட்டு வந்ததும் பின்சீட்டில் ஒருத்தி அதை விசிலடித்தே காட்டினாள். நான் என் தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பெருமையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் சேவல் வந்தது.

'செல்வியின் வீட்டுக்குப் போவது எளிதல்ல. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் அவருடைய ஒற்றைக்கண் சேவல், கூரியர்காரரையும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும் என்னையும் ஒரே நியாயத்துடன் துரத்தியது.'

என்னுடைய ஐந்தாவது 'இன்னும்?'க்குப் பேராசிரியர் எழுதிய பதில் அது. நான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தேன்.

கவிதா நிறுத்தினாள். "ஏய், இந்தச் சேவலு..." என்றாள். அவ்வளவுதான். கயிறு எல்லா லைனிலும் உண்டு, அந்தச் சேவல் ஒரு தெருவில்தான், பஸ்ஸில் பாதிப்பேரை அது கொத்தியிருந்தது. முப்பது தலைகள் திரும்பி மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தைப் பார்த்தன. அங்கே, மூன்று மாதமாக ஒரு வார்த்தையும் பேசாமல், ஆனால் ஒருநாளும் தூங்காமல் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய உண்மைப் பெயரை உங்களிடமும் சொல்ல மாட்டேன். செல்வி என்றே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே நான் சொல்லும் பிரிவும் பஸ் வழியும்கூட மாற்றியவைதான்.

செல்வி யாரையும் பார்க்கவில்லை. முன் சீட்டைப் பார்த்தார். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். முன் சீட்டில், காதில் இயர்போனோடு, கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய லைன் லீடர் உட்கார்ந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட பெரிய மீசை அவருடையது. அவர் தூங்குகிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மீசை அசையவில்லை.

நான் கவிதாவின் கையிலிருந்து தாள்களை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

கூட்டுரோட்டில் இறங்கியதும் செல்வி நேராக என்னிடம் வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாரு பேர மாத்திட்டேன்னு சொன்னாரு. எங்க தெருவுல பேர வச்சா ஆளக் கண்டுபுடிக்கிறாங்க? சேவல வச்சித்தான் கண்டுபுடிப்பாங்க. வர்ற மாசம் எனக்கு காண்ட்ராக்ட் முடியுது ஆண்ட்டி. பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது. இந்த புக்கு வெளிய வந்தா என்னிய ரினியூ பண்ணுவாங்களா?"

மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். லைனை வேண்டுமென்றே இரண்டு வருடம் நிறுத்தியவரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. நான் அவரிடம், புத்தகம் இப்படி வராது என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, அச்சு ஓடிக்கொண்டிருந்தது.

கவனியுங்கள். பேராசிரியர் வெறும் தகவலாளி 14 என்று நம்பர் போட்டிருந்த வரைக்கும் செல்வி பத்திரமாகத்தான் இருந்தார். அவருக்கு உயிர் கொடுக்கிறேன் என்று வீட்டையும் தொட்டியையும் சேவலையும் வாங்கிச் சேர்த்தது நான்தான். எங்கோ நகரத்தில் உட்கார்ந்து படிக்கிற வாசகரை நினைத்து மறைத்தோம். அந்த வாசகருக்குச் செல்வி எந்த ஊராக இருந்தால் என்ன? மறைக்க வேண்டியது பக்கத்து வீட்டு வாசகரிடமிருந்து. அவரிடமிருந்து பெயரை மறைத்துப் பிரயோஜனமில்லை. இது எனக்கு முப்பது வருட அனுபவத்தில் தெரியாமல் போனதே என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

கூட்டுரோட்டு டீக்கடை ஓரமாக நின்று அச்சகத்துக்குப் போன் செய்தேன். நான்கு ஃபாரம் ஓடிவிட்டது, ஐந்தாவது மிஷினில் ஏறுகிறது என்றார்கள். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். செல்வி இருந்தது ஏழாவதில். நிறுத்துங்கள் என்றேன். முதலாளி சொல்லாமல் நிறுத்த முடியாது என்றார்கள். நிறுத்தாவிட்டால் நேரில் வந்து மிஷினில் கையை விடுவேன் என்றேன். ஒரகடத்திலிருந்து வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்து நம் முதலாளி. அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்பது. இரண்டாவது, மண்டபம் எடுத்தாகிவிட்டதே, விருந்தினருக்கு என்ன சொல்வது. நான் சொன்னேன், புத்தகம் தாமதமானால் நமக்கு நாலு பேச்சு, தாமதமாகாவிட்டால் ஒரு அம்மாவுக்கு வேலை போய்விடும், எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், சொன்னதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று. காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, மூன்று நாள் தருகிறேன் என்றார். ஒரு விஷயம் சொல்கிறேன், முதலாளிகளிடம் கொள்கையைச் சொல்லாதீர்கள், ஆளைச் சொல்லுங்கள். கொள்கைக்கு அவர்களிடம் பதில் இருக்கும்.

மூன்றாவது போன் பேராசிரியருக்கு. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. பிறகு திடீரென்று, "மேடம், நன்றியுரை!" என்றார். முதல் ஃபாரம், அச்சாகிவிட்ட ஃபாரம். அதில் கல்லூரிக்கும் துணைவியாருக்கும் அடுத்தபடியாக, 'களப்பணியின்போது என்னை ஓடப் பழக்கிய சேவலுக்கும்' நன்றி சொல்லியிருந்தார். படிக்கும்போது நானும் சிரித்திருந்தேன். நல்லவேளை, யாருடைய சேவல் என்று எழுதவில்லை. அவர் ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர்களில் அலைந்தவர், எந்தச் சேவலும் துரத்தியிருக்கலாம். நன்றியுரையில் சேவல் இருக்கட்டும், செல்வி வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தோம்.

சரி, எதை மாற்றுவது? பேராசிரியருக்கு இது தர்மசங்கடம். தகவலை மாற்றினால் ஆராய்ச்சி இல்லை, கதை என்றார். மாற்றாவிட்டால் ஆராய்ச்சி இல்லை, காட்டிக்கொடுப்பது என்றேன் நான். ஒரு மணி நேரம் சண்டை போட்டபிறகு ஒன்று தெளிவானது: அவர் நிரூபிக்க வந்தது சேவலை அல்ல. பெண்களுக்கு நேரம் தரப்படுவதில்லை, அவர்கள் சேர்ந்து நேரத்தை எடுத்துக்கொண்டார்கள், அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்படாத எந்த விவரமும் மாறலாம். மாற்றியிருக்கிறோம் என்பதை முன்னுரைக்கு அடியில் நேர்மையாக ஒரு குறிப்பாகப் போட்டுவிடலாம். ஆனால் முன்னுரையும் முதல் ஃபாரம்தான். ஆகவே குறிப்பு ஏழாம் அத்தியாயத்தின் தலையில் வந்தது. இன்றைக்கும் விமர்சகர்கள் அதை ஒரு புதிய உத்தி என்று பாராட்டுகிறார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஏறவே எனக்குக் கால் வரவில்லை. ஏறினேன். கவிதா எனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். ஆனால் அதில் வந்து உட்கார்ந்தது லைன் லீடர். இயர்போன் இல்லை. படப்பை ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவான குரலில் பேசினார்.

"அந்தப் புஸ்தகத்துல லைன் லீடர்னு ஒருத்தன் வாரானே. கண்டும் காணாம இருந்தான்னு."

"அது பொதுவாக ஒருத்தர்..." என்றேன்.

"மீசைன்னு போட்டிருக்கீயளே. முறுக்கு மீசைன்னு. இந்த ரோடு முழுக்க எத்தனை லீடருக்கு முறுக்கு மீசை இருக்கு?" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "மெசின் கெட்டா இம்புட்டு கரெக்டாக் கெடாது மேடம். எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் பொம்பளப் பிள்ளைய இருக்கு. 'சென்சார் சந்தேகம்'னு ரெண்டு வருசமா எழுதிக் குடுக்கது நான்தானே. அந்த அம்மாவ மாத்துதீய, சரி. என்னையும் மாத்திருங்க. மீசைய எடுத்துருங்க."

என் வாழ்க்கையில் ஒரு ஆராய்ச்சி முடிவு இவ்வளவு சுலபமாக உறுதிப்பட்டதில்லை. பேராசிரியர் 'கண்டும் காணாமல் இருந்திருக்கக் கூடும்' என்று பயந்து பயந்து எழுதியிருந்தார். ஆனால் அதை 'இருந்தார்' என்று மாற்ற முடியாது, மாற்றினால் இவர் மாட்டிக்கொள்வார் என்பதுதான் வேடிக்கை. மீசையை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய், பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டி, இந்தமுறை நிஜமாகவே குறட்டை விட்டதும் பஸ்ஸே என் மேல் வந்து விழுந்தது. ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனபிறகு, எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுவதுதான் வழி என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். செல்வியின் வீட்டை வாலாஜாபாத் பக்கம் மாற்றச் சொன்னாள் ஒருத்தி. அங்கே அவளுக்கு அத்தை வீடு இருக்கிறதாம், தெரு எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொன்னாள். மகள் வேண்டாம், மகன் என்று போடச் சொன்னாள் இன்னொருத்தி. இவர்கள் ஒயரிங் பிரிவு, புத்தகத்தில் ஏசி பாகம் என்று ஆனது. லீடரின் மீசையும் போகிறது என்று நான் சொன்னதும், முகம் வெறுமையாக இருக்குமே என்று கவிதா கவலைப்பட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாள். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, சேவலுக்குப் பதிலா ஒரு நாய் வைக்கலாம் என்றார். நாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று அது தள்ளுபடியானது. பிறகு அதனால்தான் நாய் சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல்கலைக்கழகத்தில் எத்தனையோ குழுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு உருப்படியாக எதுவும் நடந்ததில்லை.

செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அவரைக் கேட்டேன். ஊருக்குத் தலையசைத்தார். மகளுக்குக் கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். சேவல் போவதில் அவருக்குச் சந்தோஷம் என்றே தோன்றியது. கடைசியில் ஐஸ் வண்டி மெட்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"அது வோணாம்" என்றார். "அப்பறம், நான் எனக்காவ இழுக்கலன்னு சாரு போட்டுகீறாரு இல்ல? அத்த மட்டும் யாரும் தொடாதீங்க. மத்தது எல்லாம் உங்க இஷ்டம்."

மெட்டு ஆபத்தில்லையா என்று கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் அதே ஸ்பீக்கர் பெட்டிதான், அதே மெட்டுகள்தான் என்று பஸ்ஸே சேர்ந்து சொன்னது. அந்த வாக்கியங்களைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் புதிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினேன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது. நம் டிரைவரின் மச்சான் ஓட்டுவது. கவிதா லீவு போட்டுவிட்டு வந்து படித்தாள். முடித்ததும், இந்த அம்மா யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். உடனே ஒரு பெண், எங்கள் கம்பெனிதான், போன வருடம் வேலையை விட்டுப் போனவர் என்று அடித்துச் சொன்னாள். இல்லை, அது எங்கள் பிளாண்ட்டில் என்றாள் வேறொருத்தி. சண்டை வந்துவிட்டது. நான் இறங்கி அச்சகத்துக்குப் போன் போட்டு, ஓட்டுங்கள் என்றேன்.

விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் புத்தகத்தைப் படிக்காமலேயே நாற்பது நிமிடம் பேசினார். பேராசிரியர் படித்தவர் என்பதால் அதைவிட அதிகம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம் பஸ் மொத்தமும் வந்து நடு வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. செல்வி கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்.

கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் உள்ளே வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மீசையை எடுத்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தும் லைன் லீடருக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தைய நாள் சலூனுக்குப் போய்த் தன்னுடையதையே மழித்துவிட்டு வந்திருந்தார். வாசலில் வாங்கிய பிரதியோடு நடுப் பாதைக்கு வந்து, நின்றபடியே ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து, எழுத்து சிறியதாக இருந்ததால் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடி போடுவார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இப்போது மண்டபத்தின் நடுவில், மீசை இல்லாமல், மூக்குக் கண்ணாடியோடு, புத்தகத்தில் நாங்கள் பாடுபட்டு மாற்றிய லைன் லீடர் அச்சு அசலாக நின்றுகொண்டிருந்தார். அந்த வரியை அவர் படித்த நொடியை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். விழா முடியும்வரை போடவில்லை.

ஆகவே, எவ்வளவு மறைத்தாலும் ஏதாவது ஒன்று எங்காவது பொருந்தித்தான் தொலையும். அதற்காக மறைக்காமல் இருக்கமுடியாது.

கடைசியில் பேராசிரியர், கூட்டத்தில் யாராவது பேசலாம் என்றார்.  எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கம்பெனிப் பெண் எழுந்து மைக்கை வாங்கினாள். இந்த அம்மா செய்தது சரிதான், நாங்களும் இதையேதான் செய்தோம், யாரென்று தெரியவில்லை, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மண்டபமே கைதட்டியது. நான் தூணைப் பார்த்தேன். செல்வியும் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார். எனக்குக் கண் கலங்கியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதன்பிறகு நான் ஓய்வுபெற்றேன். பஸ்ஸில் ஏறுவதும் நின்றது. இரண்டு மாதம் கழித்து, ஒரு கிருத்திகை நாள், குன்றத்தூர் மலைப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது செல்வி மேலே ஏறி வந்தார், கூடவே மகள். கூட்டம் நெருக்கியதால் இரண்டு நிமிடம் ஒரே படியில் நிற்கவேண்டி வந்தது. நலம் விசாரித்தேன். எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான், மகளை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவரே பேசினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அந்த புக்குல வர்ற அம்மா, ஆண்ட்டி. வாலாஜாபாத்துக்காரங்க."

"ஆமாம்" என்றேன். "அவங்களுக்குக் காண்ட்ராக்ட் என்னாச்சோ, பாவம்."

"ரினியூ ஆயிடுச்சாம்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிப் போனார்.